அவர் கொடுக்க நினைத்த உடல்

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஆட்டுக் கண்ணை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்திய ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான்.

தாராவியில் கல்லி என்று சொல்லும் எங்கள் சந்தின் முனையில் ஒரு பாயின் கறிக்கடை இருக்கிறது. பாய்க்கும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் வேதப் புத்தகத்தோடு இவர் போய் நிற்பார்.

“என்னவே, இன்னைக்கும் கண்ணுதானா?” என்பார் பாய். “ஊருல உள்ளவன்லாம் ஈரல் கேக்கான், தலைக்கறி கேக்கான். நீரு ஒரு ஆளுதான் என்னைக் கண்ணைத் தோண்ட வைக்கீரு.”

“பெருசாப் பாத்துக் குடும் பாய். போன வாட்டி பின்னால உக்காந்த பிள்ளையளுக்குத் தெரியல.”

“உமக்காவ ஆடு கண்ணைப் பெருசாக்கிட்டா வரும்? கொண்டு போரும்.”

என்னுடைய ஒரு டிபன் டப்பா அதற்கே போய்விட்டது. அதில் பிறகு நான் எதுவும் வைத்ததில்லை.

அவர் தோல் பை செய்யும் கார்கானாவில் தோல் வெட்டுபவர். அந்தக் கத்தியாலேயே கண்ணை அறுப்பார். உள்ளேயிருந்து கண்ணாடி மணி மாதிரி ஒன்றை எடுத்துக் கழுவி, வேதப் புத்தகத்தின் சின்ன எழுத்தின் மேல் வைப்பார். கீழே இருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியும். ‘சீ’ என்று மூக்கைப் பொத்திய பிள்ளைகளே ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பார்க்க வருவார்கள்.

“இதை யாரு செஞ்சா?” என்று கேட்பார்.

“ஏசப்பா!”

“சும்மா கத்தாதிய. பாத்துட்டுச் சொல்லணும். பாக்காம சொன்னா அது கிளி சொல்லுத மாதிரி.”

விஞ்ஞானம் என்றால் அவருக்கு அதுதான். ஆண்டவர் ஆறு நாளில் செய்து முடித்ததை நாம் ஆயுசு முழுக்கப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பது. ஆதாமுக்குக் கொடுத்த முதல் வேலையே விலங்குகளைப் பார்த்துப் பெயர் வைப்பதுதானே, முதல் விஞ்ஞானப் பாடம் ஏதேனில்தான் நடந்தது என்பார். இப்போது இருப்பதை அளந்து பார்க்கலாம், எடை போட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் நின்று பார்த்த மனுஷன் யாரும் இல்லை. அதற்கு, செய்தவருடைய வார்த்தைதான் சாட்சி. நானும் அப்படித்தான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அவர் வாய்விட்டுச் சொல்வார், நான் கடைசி வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்த கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்பேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. சபையில் ஜெபிக்கச் சொன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டிவிடுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்பாவின் டிபன் டப்பாவைப் பார்த்து வளர்ந்தவள், மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் உயிரியல் சேர்ந்தாள். கார்கானாவில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார் அவர். இரண்டாம் வருஷம் அவள் சபைக்கு வருவதை நிறுத்தினாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. ஞாயிறு காலையில் தூங்குவது போலப் படுத்திருப்பாள். நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவோம்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: “அப்பா, கண்ணு கண்ணுன்னு சொல்றீங்கள்ல, நம்ம கண்ணு சரியாவே செய்யலப்பா. நரம்பு முன்பக்கமா வந்து, ஓட்டை போட்டுட்டுப் பின்னால போகுது. அந்த இடத்துல நமக்குப் பார்வையே கிடையாது. ஆக்டோபஸ் கண்ணு நம்மளவிட ஒழுங்கா இருக்கு. நல்ல இன்ஜினியர் இப்படியா செய்வாரு?”

ஒரு தாளில் ஒரு புள்ளியும் ஒரு பெருக்கல் குறியும் போட்டு, ஒரு கண்ணை மூடி மற்றதால் பெருக்கல் குறியையே பார்க்கச் சொல்லி, தாளை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“ஏ, காணும்! புள்ளியக் காணும்!” அவர் கையில் சோற்றோடு சிரித்தார். “இந்தா, நீயும் பாரு. ஒரு கண்ணை மூடு. ரெண்டையும் மூடாத!”

அடுத்த ஞாயிறு அதையே பிள்ளைகளுக்குக் காட்டினார். நம்ம கண்ணில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது, அதை நமக்குத் தெரியாமலே மூளை நிரப்பித் தருகிறது, எவ்வளவு இரக்கம் பாருங்கள் என்றார். மகளுக்கு இது தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“நான் எதுக்குச் சொன்னேன், நீங்க எதுக்கு யூஸ் பண்றீங்க! உங்களோட பேசவே முடியாதுப்பா.”

“பேசாம இருந்துராத பிள்ள. புதுசா எதாவது படிச்சா சொல்லு.”

படிப்பு முடிந்து செம்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்க்கும் பெண்களோடு அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். தாராவியிலிருந்து செம்பூர் தூரமா என்ன. ஆனாலும் அவள் சாமான் எடுத்துப் போன அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை.

உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கும் யோசனை அதன் பிறகு வந்தது. சிநேகிதர் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன இடத்தில், டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள உடல் தேவை என்று எழுதியிருந்ததாம். வந்து என்னிடம் சொன்னார்.

“இத்தனை வருசம் ஆட்டுக் கண்ணக் காட்டினேன். மனுசன அவரு தம்ம சாயல்ல செஞ்சாருன்னு வாயால சொல்லிட்டு, அதைப் பொட்டில வச்சுப் பூட்டணுமா? படிக்கிற பிள்ளையள் பிரிச்சுப் பாக்கட்டும். அதுல ஒண்ணாவது, இது தானா வந்திருக்காதுன்னு நினைக்கும்லா.”

என் மனசில் ஓடியது வேறு. மாதம் ஒருமுறை போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி நிற்க எனக்கு ஒரு மண் இருக்காதே என்று நினைத்தேன்.

சபையில் மூப்பர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். “பிரதர், உயிர்த்தெழுதலை நம்புறவங்க நாம. உடம்பைத் துண்டு துண்டாக் குடுக்கலாமா?”

“கடல்ல போனவனையும் தீயில வெந்தவனையும் எழுப்புவாரு, என்னைய மட்டும் ஒட்டத் தெரியாதா அவருக்கு?” என்றார் இவர். மூப்பர் சிரிக்கவில்லை.

காகிதத்தில் குடும்பத்தார் கையெழுத்து வேண்டும். மகள் செம்பூரிலிருந்து வந்தாள். படித்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். “இது பெரிய காரியம்பா. ஐ ஆம் ப்ரவுட்.” அவர் ஆண்டவருக்காகக் கொடுத்தார். அவள் படிப்புக்காகப் போட்டாள். ஒரே காகிதத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இருமல் வந்தது. டிபி என்றார்கள். எங்கள் கல்லியில் டிபி என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. காற்று வராத வீடு, ஒன்றின் மேல் ஒன்றாக அறை. இந்த வீட்டில் ஒருவருக்கு முடிந்தால் அடுத்த வீட்டில் ஒருவருக்கு வரும், ஆறு மாதம் மாத்திரை தின்பார்கள், எழுந்து வேலைக்குப் போவார்கள். காய்ச்சல், சளி வரிசையில்தான் நாங்கள் அதை வைத்திருந்தோம். இவருக்கு மாத்திரை கேட்கவில்லை. மாத்திரை மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. மாத்திரையை ஒருநாளும் விடவில்லை அவர். ஜெபம் போதும் என்று சொன்ன ஒரு சகோதரியிடம், “மாத்திரை செய்யுத அறிவை யாரு குடுத்தா?” என்று கேட்டு அனுப்பினார்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் மகள் அழுதுகொண்டே ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். “அப்பா, இந்தக் கிருமியையும் அந்த ஆறு நாள்லதான் செஞ்சாரா?”

அதைக் கேட்டதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முகத்திலிருந்து ஆக்ஸிஜன் மூடியை விலக்கினார்.

“செஞ்சதெல்லாம் நல்லாத்தான் செஞ்சாரு பிள்ள. நடுவுல நாமதான் கெடுத்தோம். கெட்டுப்போனதைப் படிக்கதும் படிப்புதான். நீ அந்த வேலைதான பாக்க? விட்டுராத.”

அவர் அவளிடம் ஒழுங்காகப் பேசிய கடைசிப் பேச்சு அது. ஒரு காலை நேரத்தில், நான் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஜெபித்துவிட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோவது என்று நானும் மகளும் பேசிக்கொண்டோம். வந்து பார்த்தால் சவப்பெட்டி வாசலில் நிற்கிறது. சபைக்காரர்கள் சொல்லி வைத்துவிட்டார்கள். பாஸ்டரும் மூப்பரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சிஸ்டர், அவர் ஏதோ ஆர்வத்துல எழுதிக் குடுத்தாரு. இப்ப முடிவு உங்க கையில. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடக்கம் பண்ணிரலாம்” என்றார் மூப்பர்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கும் வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள்.

“பொட்டி வேண்டாம் பிரதர்” என்றேன்.

“என்ன சிஸ்டர்?”

“பொட்டி வேண்டாம். அவிய சொன்ன இடத்துக்குத்தான் போகணும்.”

அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. பாஸ்டர் எழுந்து ஜெபித்தார், ஆனால் வண்டியில் கூட வரவில்லை. கறிக்கடை பாய்தான் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து முன்னால் ஏறிக்கொண்டார். “நம்ம ஆளு, நான் வாரேன்” என்றார்.

கல்லூரியில் ஒரு பெண் டாக்டர் காகிதங்களை வாங்கிப் பார்த்தார். சின்ன வயசு, எங்கள் மகளைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். இறப்புக் காகிதத்தில் நோயின் பெயரைப் படித்ததும் நிறுத்தினார். மகளிடம் ஆங்கிலத்தில் பேசினார். மகளின் முகம் மாறியது. பிறகு என் பக்கம் திரும்பி இந்தியில், தன் வார்த்தைகளைத் தேடித் தேடி, மெதுவாகச் சொன்னார். தொற்று நோயில் இறந்தவர் உடலை எடுக்க முடியாது. அறுக்கும் பிள்ளைகளுக்கு வந்துவிடும். இது விதி. மன்னித்துவிடுங்கள் ஆன்ட்டி.

நல்ல உடம்போடு இருந்தபோது எழுதிக் கொடுத்த காகிதம் அது. நோய் வந்த பிறகு அதை எடுத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் மகளுக்கே தோன்றவில்லை. கல்லியில் எல்லா வீட்டிலும் வந்துபோகும் ஒன்று, ஒரு மனுஷனை வாசலில் நிறுத்தும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

மகள் அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ப்ளீஸ், கண்ணையாவது எடுத்துக்கோங்க” என்று கேட்டாள். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

வண்டி திரும்பியது. சயான் சிக்னலில் நிற்கும்போது பாய் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “குடுக்கணும்னு நெனச்சாருல்லா தங்கச்சி. அது போயிச் சேந்துரும்.” அவர் எந்த நம்பிக்கையில் சொன்னாரோ, எனக்கு அந்த நேரம் அது ஒன்றுதான் கேட்டது.

பெட்டி இன்னும் வாசலில்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் சயான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். எனக்கு நான் ஆசைப்பட்ட மண் கிடைத்தது. அதில் ஒரு பிடி அள்ளிப் போடும்போது, திருடிய பொருளைக் கையில் வைத்திருப்பது போல இருந்தது.

சில நாள் கழித்துச் சபையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மகளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஸ்டர் அவரைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார். ஓய்வுநாள் பள்ளியைச் சொன்னார், கார்கானாவில் அவர் நேர்மையைச் சொன்னார். கடைசியில் குரலை உயர்த்தினார். “நம்ம பிரதர் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டாரு. ஆனா கர்த்தர் அதை ரத்து பண்ணினாரு! விஞ்ஞானம் வேண்டாம்னு தள்ளின சரீரத்தைக் கர்த்தர் தம்முடைய மண்ணுல பத்திரமா வச்சாரு!”

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு ஆறுதல் தருவதாக நினைத்துத்தான் சொன்னார்கள்.

எங்கள் சபையில் நினைவுக் கூட்டத்தில் வீட்டார் எழுந்து ஒரு சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் இப்படி நடத்தினார், ஸ்தோத்திரம் என்று இரண்டு வரி. என்னால் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் மூப்பரே எனக்காக எழுந்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை. ஒரு சத்தம் கீச்சென்று வந்தது.

“அவிய ஆசைப்பட்டது தப்புன்னு கர்த்தர் தடுக்கல” என்றேன். “டிபி இருந்துச்சு. அதான் எடுக்கல. அறுக்கிற பிள்ளையளுக்குத் தொத்திரக் கூடாதுன்னு ஒரு விதி வச்சிருக்காவ. அது நல்ல விதி. அவிய உயிரோட இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாவ.”

வேறு சொல்ல நிறைய இருந்தது. எவனோ ஒருவன் ராப்பகலாக உட்கார்ந்து அந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறான், அது எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். அந்தப் பொறுமையும் அந்தக் கண்ணும் படைத்தவர் கொடுத்தவை. அதனால் யார் பெற்ற பிள்ளையோ ஒன்று நோய் வராமல் வீட்டுக்குப் போகிறது. இதில் விஞ்ஞானம் தோற்கவும் இல்லை, ஆண்டவர் தோற்கவும் இல்லை. இவ்வளவும் நெஞ்சில் இருந்தது. ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பாட்டை ஆரம்பித்தார்கள்.

படியிறங்கும்போது மகள் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, சூப்பர்! கர்த்தர் தடுக்கலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே!”

“கர்த்தர் இல்லன்னு சொல்லல பிள்ள.”

“தெரியும், தெரியும். இதுவே பெருசும்மா. மெதுவா வருவ.”

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எங்கே வருவேன் என்று நினைத்தாள்? நான் இருக்கும் இடத்திலேயே இருந்தேன். அந்தப் பக்கம் சபைக்காரர்கள், மகளின் பேச்சைக் கேட்டு நான் கெட்டுப்போனதாக நினைத்துக்கொண்டு விலகி நடந்தார்கள். இந்தப் பக்கம் மகள், நான் அவள் பக்கம் வந்துவிட்டதாக நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் சொன்னதை அப்படியே புரிந்துகொண்டிருக்கக்கூடிய ஆள் ஒருவர்தான்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறேன். கோரைப்பாய் சுருட்டுகிறேன். பிள்ளைகளுக்குப் படம் ஒட்டிய அட்டையில் பாடம் நடக்கிறது.

போன மாதம் நானே தனியாக அந்தக் கல்லூரிக்குப் போனேன். எனக்கு நோய் இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அவர் கொடுக்க முடியாமல் போனதை நான் கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பு. சபைக்குப் பதில் சொல்வதற்கு இல்லை, மகளுக்கு எதையும் காட்டுவதற்கும் இல்லை. இந்த உடம்பும் ஆண்டவர் கை வேலைதானே. காகிதத்தை வாங்கி, குடும்பத்தார் கையெழுத்துக்காகச் செம்பூருக்குக் கொண்டுபோனேன். அப்பாவைக் கட்டிக்கொண்ட மாதிரி என்னையும் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் ஒரு வரி படித்தாள். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“போட மாட்டேன்.”

“ஏன் பிள்ள? அப்பாவுக்குப் போட்டியே.”

“அப்பாவுக்குப் போட்டேன். அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் வாராவாரம் சயானுக்குப் போறேன்மா. உனக்குத் தெரியாது.”

“கல்லறைக்கா? அங்க ஒண்ணுமில்லன்னு நீதான சொல்லுவ.”

“ஒண்ணுமில்லன்னு தெரியும். ஆனா போறேன். போய் நின்னு, லேப்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு வாறேன்.” அவள் குரல் உடைந்தது. “இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல அந்தக் குழில வேற யாரையாவது வச்சிருவாங்க. பம்பாய்ல எல்லாக் கல்லறைக்கும் அதான் கதி. நீயும் காலேஜுக்குப் போயிட்டா நான் எங்கம்மா போவேன்? எனக்கு உங்க மாதிரி செத்தப்புறம்னு ஒண்ணு இல்லையே.”

எழுந்து வருவோம் பிள்ள, நானும் அப்பாவும் எழுந்து வருவோம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. என்னிடம் இருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். அவள் கையில் கொடுத்தால் அது அவளுக்கு வெறும் சொல். அதனால் சொல்லவில்லை. பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.